மூன்றாவது மைனா சுமந்த சரம்

கேளுங்கள் சின்னவர்களே, பெரியவர்களே. மலையும் மேகமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட ரொம்பப் பழைய காலத்தில், வளவராயன் என்றொரு ராஜா இருந்தான். அவன் நாட்டு எல்லையில் மலைக்கு அப்பால் மூன்று ஊர்கள்: வேம்படி, நெடும்பாறை, ஆலத்துறை.

அந்த ஊர்களைத் தனக்குக் கொடுக்கச் சொன்னான் புகையன் என்ற மாயாவி. ராஜா மறுத்தான். மறுநாள் காலையில் மூன்று ஊர்க் கிணறுகளிலும் தண்ணீர் கல்லாகிக் கிடந்தது.

அரண்மனைக் குளத்தில் பேசும் நீர்நாய் ஒன்று இருந்தது. அது இளவரசி மருதவல்லியிடம் சிவப்பும் வெள்ளையுமாகப் பாசிமணி கோத்த இரண்டு சரங்களைக் கொடுத்தது.

"முதல் சரம் கோயிலின் பெரிய மணிக்கு, இரண்டாவது சின்ன மணிக்கு. சிவப்புக்கு அடிக்க வேண்டும், வெள்ளைக்கு நிறுத்த வேண்டும். இரண்டு மணியும் சேர்ந்து ஒலித்தால் கல் உருகும். ஒரே நாளில் மூன்று ஊரிலும் உருகினால் புகையனின் சக்தி போய்விடும். ஓர் அடி பிசகினாலும் கிணறு மூடிக்கொள்ளும். விடிந்தால் அவன் மந்திரத்தை மாற்றுவான். நானும் வேறு சரம் தருவேன்."

மலையைத் தாண்டப் பேசும் மைனாக்கள்தான் உண்டு. ஊருக்கு மூன்று. ஒரு மைனா ஒரு சரம்தான் சுமக்கும், ஒரு வாக்கியம்தான் சொல்லும். புகையனோ மேகமாய் வழிமறித்து, ஊருக்கு ஒரு மைனாவை விழுங்குவான். பொழுது சாயும்போது சரத்தை வைத்துக்கொண்டு மைனாவை மட்டும் துப்புவான்.

ராஜா ஊருக்கு ஊர் அதேபோல் சரங்கள் கோக்கச் செய்து, மணியடிக்கும் முறையை மைனாக்களுக்குக் கற்றுக்கொடுத்து, முதல் சரத்தை இரண்டு மைனாவிடமும் இரண்டாவதை ஒன்றிடமும் கொடுத்தான். புகையன் இரண்டாவது சரத்தை விழுங்கினான். மறுநாள் இரண்டாவது சரத்தை இரண்டு மைனாவிடம் கொடுத்தான். புகையன் முதல் சரத்தை விழுங்கினான். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஊர்களில் பனையோலையில் சொட்டும் பனியை நக்கிக் குழந்தைகள் தாகம் தணித்தார்கள்.

மருதவல்லி சரங்களை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா யோசனை?" என்றான் ராஜா.

"ஒன்றுக்குத் துணை அனுப்பினால் மற்றது தனியாகிவிடுகிறது அப்பா. இரண்டுக்கும் துணையாக ஒன்றை அனுப்பினால் என்ன?"

அவள் இரண்டு சரங்களையும் அருகருகே நீட்டி வைத்தாள். எதிரெதிர்ப் பாசிகள் ஒரே நிறமென்றால் வெள்ளை, வேறு நிறமென்றால் சிவப்பு என்று மூன்றாவது சரம் கோத்தாள். முதலாவதுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. ஒவ்வோர் ஊருக்கும் அப்படி மூன்று சரங்கள். எல்லா மைனாவுக்கும் ஒரே வாக்கியம் கற்றுக்கொடுத்தாள்.

"ஒரே நிறமென்றால் வெள்ளை, வேறு நிறமென்றால் சிவப்பு."

மைனாக்கள் பறந்தன. மேகமாய்க் காத்திருந்த புகையன் சிரித்தான். "எல்லாமே தனித்தனியா? எனக்கு வேலை மிச்சம்." ஆலத்துறைக்குப் போன மூன்றாவதை விழுங்கினான். நெடும்பாறைக்குப் போன முதலாவதை விழுங்கினான். வேம்படிக்குப் போன இரண்டாவதை விழுங்கினான்.

வேம்படியில் மணியடிக்கும் சாத்தப்பன் முடிச்சுகளைத் தடவிப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "ஒன்றும் மூன்றும் வந்திருக்கிறது நாச்சி. இரண்டைக் காணோம்."

"ஒரே நிறமென்றால் வெள்ளை, வேறு நிறமென்றால் சிவப்பு," என்றது மைனா.

அவன் மனைவி நாச்சி இரண்டு சரங்களையும் தரையில் அருகருகே வைத்தாள். "காணாமல் போனதைக் கண்டுபிடிக்கத்தான் மைனா வழி சொல்கிறது. இதில் சிவப்பு, அதில் வெள்ளை. அப்படியானால் காணாமல் போனது சிவப்பு. இதிலும் சிவப்பு, அதிலும் சிவப்பு. அப்படியானால் வெள்ளை." கடைசிப் பாசிவரை கோத்தாள். "நீங்கள் பெரிய மணியைப் பிடியுங்கள்."

"தப்பாகிவிட்டால்?"

"எனக்கும் பயம்தான். பிடியுங்கள்."

மணிகள் ஒலித்தன. நெடும்பாறையிலும் அதே கணக்கில் தொலைந்த சரத்தை மீட்டு அடித்தார்கள். ஆலத்துறைக்கு இரண்டும் நேராகவே வந்திருந்தன. மூன்று ஊர்க் கிணற்றிலும் கல் உருகித் தண்ணீர் தளும்பியது. மேகம் கிழிந்து, விழுங்கிய மைனாக்கள் வெளியே பறந்தன.

சக்தி போன புகையன் ஒட்டிய கன்னத்தோடு அரண்மனை வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டான். மருதவல்லி செம்பு நிறையக் கொடுத்தாள். குடித்து முடித்தபின் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஒன்றை நான் விழுங்கினேனே, தாயே. அதை எங்கே ஒளித்து அனுப்பினாய்?"

"மற்ற இரண்டிலும்தான்," என்றாள் அவள். "எந்த ஒன்றிலும் தனியாக அது இல்லை."

அவன் வெறும் செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் அதை வாங்கி மறுபடியும் நிரப்பிக் கொடுத்தாள்.