நேற்றின் சன்னல்

"கள்ளன் மறுபடியும் வந்துட்டான், அம்மா," என்றார் ஞானசிகாமணி.

கோமதிநாயகியின் வீட்டுக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலை இருந்த இடத்தில் பனியின் வெண்மை மட்டுமே இருந்தது.

கோமதிநாயகி வயதில் ஞானசிகாமணிக்கு இளையவர். கணினிகளைக் காக்கும் கலையை அவரிடமே ஞானசிகாமணி பயின்றார்.

ஞானசிகாமணி தம் துயரத்தைச் சொன்னார். ஒரு மருத்துவமனையின் கணினிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்குத் தனியே உடல் இல்லை. தொலைவில் ஒரு பெரிய இயந்திரத்துக்குள், ஒருவர் கனவை மற்றவர் அறியாது உறங்குவோரைப் போல, அவை வாழ்ந்தன. அவற்றை எழுப்பவும் அணைக்கவும் வல்லது ஒரு மேலாண்மை மென்பொருள். அதிலிருந்த ஓட்டை வழியே கள்ளன் நுழைந்து, நோயாளிகளின் ஸ்கேன் படங்களைப் பூட்டிவிடுகிறான்.

உடனே அவர் அந்த மென்பொருளையும் கணினிகளையும், கள்ளன் வருமுன் சேமித்துவைத்த நிலைக்குத் திருப்பிவிடுவார். இன்னும் நேற்றுதான் என்று நம்பி அவை கண்விழிக்கும். பூட்டிய படங்கள் திறக்கும். இன்று எடுத்த படங்கள் மட்டும் எடுக்கப்படாதவை ஆகிவிடும்.

அன்று காலை ஒரு பெண்ணின் மூளைப் படம் அப்படிப் போயிற்று. அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று.

ஓட்டையை அடைக்கத் திருத்தம் வரவில்லையா என்று கோமதிநாயகி கேட்டார்.

வந்திருந்தது. அதைப் பதிய எல்லாவற்றையும் அரைநாள் நிறுத்த வேண்டும். மருத்துவமனையிடம் அதைச் சொல்லவும் வேண்டும்.

"என் கையில எந்தக் கணினியும் ஒரு நிமிஷம்கூட நின்னதில்லம்மா. நேத்துக்குத் திரும்புறதுதான் சுளுவு."

கோமதிநாயகி எழுந்தார். திறந்திருந்த சன்னலருகே ஒரு தட்டில் வாழைப்பழங்களை வைத்துவிட்டு உள்ளே போனார்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. தட்டு வெறுமையாயிற்று.

கோமதிநாயகி திரும்பி வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. எப்ப வந்தீங்க? என்ன விஷயம்?"

ஞானசிகாமணி சிரித்தார். எதிரே இருந்த முகத்தில் சிரிப்பில்லை. வேறு வழியின்றி எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். கோமதிநாயகி முதன்முறை கேட்பவரைப் போலக் கேட்டார், வருந்தினார், அதே இடத்தில் பழங்களை வைத்துவிட்டு உள்ளே போனார்.

கை வந்தது.

இதைச் சொல்வோருள் சிலர், வந்தது குரங்கு என்பர். பனியே கைநீட்டியது என்போரும் உண்டு. சன்னல் திறந்திருந்தது என்பதில் மட்டும் எவருக்கும் வேறுபாடில்லை.

"வாங்க அண்ணாச்சி. எப்ப வந்தீங்க?"

"விளையாடாதீங்க, அம்மா. அங்க ஒரு பொம்பளை படுத்துக் கிடக்கா."

"அடப்பாவமே," என்றார் கோமதிநாயகி. "யாரு? என்ன ஆச்சு?"

பதிலுக்குக் காத்திராமல், மீதமிருந்த சீப்பைத் தட்டில் வைத்தார்.

ஞானசிகாமணிக்குக் கோபம் வந்தது.

"எத்தனை சீப்பு வச்சா என்ன? நீங்க புதுசா ஆரம்பிக்கிறப்பல்லாம் அந்தச் சன்னலும் திறந்தேதான..."

தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

கோமதிநாயகி உள்ளே போய்விட்டார்.

ஞானசிகாமணி தட்டையும் திறந்த சன்னலையும் பார்த்தார். பனி அறைக்குள் வந்து அவர் காலடியில் படுத்தது. பிறகு எழுந்து சன்னலைச் சாத்தினார். கைபேசியில் மருத்துவமனைத் தலைவரை அழைத்தார்.

"ஐயா, எல்லாத்தையும் அரைநாள் நிறுத்தணும்," என்றார். "இதை முன்னாடியே உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

கண்ணாடிக்கு அப்பால் ஏதோ தட்டியது, சற்று நின்றது, போய்விட்டது.

கோமதிநாயகி உள்ளறை வாசலுக்கு வந்தார்.

"இன்னும் இங்கேயா இருக்கீங்க, அண்ணாச்சி?" என்றார்.