காலி ஓடு சொன்ன பதில்

மூங்கில்காட்டு ஏரியில் எலி, அணில், கீரி எல்லாம் அக்கரை போக ஆமை முதுகில்தான் ஏறும். சவாரிக்கு ஆள் வந்தால் நரி மேட்டில் நின்று ஊளையிடும். முதலில் வந்து சேரும் ஆமைக்குச் சவாரி. கூலி பத்து நாவல்பழம்.

பக்கத்துக் குளத்துக் குட்டி ஆமைகளையும் இந்த வேலைக்கு அனுப்பலாமா? விசாரித்து வரும்படி யானை ராசா நாரையை அனுப்பியது. நாரை நாலு நாள் துறையில் நின்றுவிட்டு வந்தது.

"ராசா, சவாரிக்குப் பத்துப் பழம்! கேட்ட ஆமையெல்லாம் சுகம் என்றே சொன்னது!"

யானை தும்பிக்கையைத் தூக்கினால் சம்மதம் என்று அர்த்தம். குட்டி ஆமைகள் கரையில் வரிசையாகக் காத்து நின்றன.

நீர்நாய்க்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"நாரையாரே, கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தது?"

"நரியார்தான். பாவம், எனக்கு வெயில் படாமல் இலை பிடித்தார்!"

"சவாரி கிடைக்காத ஆமைகளைக் கேட்டீரா?"

"அவை அடியில் கிடக்கும். நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லையே!"

"அப்போ உம்ம விசாரணையும் முழங்கால் ஆழம்தான்!" என்று சொல்லிவிட்டு நீர்நாய் முங்கியது.

அடியில் ஒரு மீன்கூட இல்லை. பச்சை இருட்டு. சேற்றில் ஆமைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஒன்றும் கண் மூடவில்லை. கழுத்தை மட்டும் மேலே நீட்டியிருந்தன.

"என்ன பண்றீங்க?"

"உஷ்! ஊளை வரும்."

"சாப்பிட்டீங்களா?"

"மேயப் போனா ஊளை தப்பிடும். அப்புறம் நரி நம்மை ஏறெடுத்தும் பார்க்காது."

ஓரத்தில் ஒன்று பேசவே இல்லை. நீர்நாய் அதைத் தட்டிப் பார்த்தது. வெறும் ஓடு!

அப்போது மேலே ஊளை கேட்டது. எல்லாக் கழுத்தும் ஒருசேரத் திரும்பின. வெறும் ஓடும் சேற்றைவிட்டு ஒரு விரல்கடை எழும்பியது.

நீர்நாய் ஓட்டைக் கவ்விக்கொண்டு கரையேறி, நாரையின் முன்னே வைத்தது.

"இவரையும் கேளும்!"

நாரை சிரித்தபடி குனிந்தது. "என்னய்யா, சுகமா?"

ஓட்டுக்குள்ளிருந்து ஈனக்குரல் வந்தது. "ஊளை வந்துச்சா? நான் போகணுமே!"

நாரையின் சிரிப்பு அலகிலேயே நின்றுவிட்டது. மேட்டில் நரியைக் காணோம். யானை பாதி தூக்கிய தும்பிக்கையை மெல்ல இறக்கியது. குட்டி ஆமைகள் திரும்பிப் பார்க்காமல் தங்கள் குளத்துக்கு நடந்தன.

கரைக்கு வந்தவனை மட்டும் கேட்டு எழுதும் கணக்கு, ஆழத்தில் கிடப்பவனைக் கொன்றுவிடும்.