இரவல் வலி

கோயம்புத்தூரில், ஒரு பழைய வீட்டின் மொட்டைமாடி அறையில் ஓர் இதயம் குடியிருந்தது. தெய்வசிகாமணி என்கிற மனிதரின் நெஞ்சுக்குள் அது இருந்ததால் அதைத் தனி என்று சொல்ல முடியாது. ஆனால் அவரே தனியாக இருந்ததால், சொன்னாலும் தப்பில்லை.

தெய்வசிகாமணி பம்புசெட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பிகளைப் படிக்க வைத்து, தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது அவருக்குப் பெண் பார்க்கிற வயது தாண்டிப் போயிருந்தது. தம்பி தங்கைகள் யாரும் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. அவரவர் குடும்பம், அவரவர் பிழைப்பு. அண்ணன் நன்றாகத்தான் இருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைப்பது சௌகரியமாகவும் இருந்தது.

இதயத்தின் பிழைப்பும் ஏறக்குறைய அப்படித்தான். தலை முதல் கால் வரை எல்லோருக்கும் ரத்தம் அனுப்புவது அதன் வேலை. அது தனக்கென்று சாப்பிடுவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் கிடைக்கிற ஓய்வில்தான். அந்தச் சாப்பாடும் அதன் மேல்புறம் படர்ந்திருக்கும் சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். உள்ளே ரத்தம் நிறைந்து கிடந்தாலும் அதிலிருந்து அள்ளிக் குடிக்க வழியில்லை. பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவர்களுக்கு இது புரியும்.

ஒருநாள் முன்பக்கக் குழாய் இதயத்தைக் கூப்பிட்டது.

“ஒரு விஷயம் சொல்லோணும். கோவிச்சுக்காதே.”

“சொல்லு.”

“என் உள்சுவத்துல கொழுப்பு படிஞ்சு படிஞ்சு வழி குறுகிட்டே வருது. பாதிக்கு மேல அடைச்சாச்சு. அவரு படியேறும்போது நீ கேக்கற அளவுக்கு என்னால அனுப்ப முடியறதில்ல.”

“எனக்கும் தெரியுது.”

“உனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? அவருக்குச் சொல்லு. அவரு யாருகிட்டயாவது சொல்லட்டும். நான் முழுசா அடைச்சுட்டா அப்புறம் நீயும் இல்ல, அவரும் இல்ல.”

சொல்லு என்று சொல்வது சுலபம். இதயத்துக்கு வாய் கிடையாது. விரலில் முள் குத்தினால் விரல் ‘இங்கே’ என்று கத்தும், மேலிடத்தில் இருக்கிற மூளை உடனே புரிந்துகொள்ளும். இதயத்துக்கு அப்படித் தனி வழி போட்டுத் தரவில்லை. இடது கைக்கும் தாடைக்கும் வயிற்றுக்கும் இருக்கிற வழியில் ஒட்டிக்கொண்டுதான் அதன் சேதி போக வேண்டும். மேலிடமோ, எல்லா மேலிடங்களையும் போல, சேதி என்ன என்று பார்க்காது. எந்த வழியாக வந்தது என்று மட்டும் பார்க்கும்.

இதயம் முதலில் இடது கையிடம் போய் நின்றது.

“எனக்காகக் கொஞ்சம் வலிக்கறியா?”

“நான் பாட்டுக்குச் சும்மா இருக்கறேன். எனக்கெதுக்கு வம்பு?” என்றது கை. ஆனாலும் பக்கத்து வீடாகிப் போன பாவத்துக்கு, மறுநாள் அவர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நன்றாகவே வலித்துக் காட்டியது.

தெய்வசிகாமணி கேனை இறக்கி வைத்தார். அறைக்குப் போய்த் தோளில் தைலம் தேய்த்தார். சாயங்காலம் பேக்கரியில் டீ குடிக்கும்போது விசாரித்தவரிடம், “கேன் தூக்குனதுல கை புடிச்சுக்குச்சுங்க” என்றார்.

“தைலம் சுகமா இருந்துச்சு,” என்றது கை. “உனக்கு ஏதாச்சும் வந்து சேந்துச்சா?”

“வாசனைகூட வரல,” என்றது இதயம்.

அடுத்த தடவை வயிறு சம்மதித்தது. மேல்வயிற்றில் கல்லை வைத்தாற்போல் அழுத்தியதும் தெய்வசிகாமணி கடைக்குப் போய்ச் சோடா குடித்தார். ஏப்பம் வந்தது. ஏப்பம் வந்துவிட்டதால் அது வாயுதான் என்று முடிவாயிற்று. நம் ஊரில் நெஞ்சுக்குள் நடக்கிற பாதி அக்கிரமத்துக்கு வாயுதான் பழி சுமக்கிறது. வயிறு கொதித்துப் போனது.

“நேத்து ராத்திரி வெறும் ரசஞ்சோறு. நான் என்ன பாவம் பண்ணுனேன்?” என்றது.

தாடையின் கதை இன்னும் மோசம். அது வலித்தபோது அவர் பல் டாக்டரிடம் போனார். கடைவாய்ப் பல்லில் ஏற்கெனவே ஒரு சொத்தை இருந்ததால், அதைப் பிடுங்கிப் போட்டார்கள்.

“உனக்கு ஒத்தாசை பண்ணப் போய் எனக்கு ஒரு பல்லு போச்சு. இனி என்கிட்ட வந்துராதே,” என்று தாடை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதயத்துக்கு அழுகை வந்தது. இத்தனை பேருக்கு நடுவில் இருந்துகொண்டு, இத்தனை பேருக்கும் பரிமாறிக்கொண்டு, தன் வலியை இரவல் வாங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொன்னாலும் மருந்து, வலியை இரவல் கொடுத்தவர்களுக்கே போகிறது. அதைப்போலத் தனியான ஒன்று அந்த உடம்பில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெய்வசிகாமணி பொள்ளாச்சியில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டார். படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஒருமுறை வந்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் போட்டார். இதயத்துக்கு அது தெரியும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“அங்க மழை உண்டா?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

“நல்ல மழைங்ண்ணா. என்னங்ண்ணா, சும்மாதானுங்களா?”

“சும்மாதான். உன் தென்னைக்குத் தண்ணி ஆச்சு.”

போனை வைத்துவிட்டார். இதயம் நாக்கைப் பிடித்துச் சண்டை போட்டது.

“சொல்ல வந்ததைச் சொல்லாம மழையை விசாரிக்கறயே, உனக்கு வெக்கமா இல்லையா?”

“என்னைத் திட்டி என்ன ஆகப்போகுது?” என்றது நாக்கு. “எனக்குக் குடுக்கறதைத்தான் நான் சொல்ல முடியும். இந்த மனுசன் எனக்கு மழையையும் வெயிலையும் தவிர வேற எதையும் குடுத்ததில்ல.”

பல் போன பிறகும் தாடை வலி போகவில்லை. மறுபடி வந்து நின்றவரைப் பார்த்த பல் டாக்டருக்கு ஏதோ உறுத்தியது. “இது என் சமாச்சாரம் இல்லைங்கய்யா. நெஞ்சு டாக்டரைப் பாத்துருங்க. இப்பிடித் தெசை மாறிப்போற வலியை ஆராய்ச்சி பண்றதுக்கே ஒரு அம்மா இருக்காங்க” என்று வழி சொல்லி அனுப்பினார்.

தெய்வசிகாமணி பஸ் ஏறிப் போனார். இருட்டான சின்ன அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு இடதுபுறமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ரெஹானா அவர் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கையடக்கமான எக்கோ கருவியை வைத்து அழுத்தினார்.

“உள்ள யாரு?” என்று கேட்டது கருவி.

இதயம் திடுக்கிட்டது. “என்னையா கேக்கற?”

“உன்னைத்தான். நான் ஒரு சத்தத்தை அனுப்புவேன். அது உன்மேல பட்டுத் திரும்பி வரும். வர்றதைக் கேட்டுப் படம் போடுவேன். அதுதான் என் வேலை.”

“இந்த ஆயுசுல என்னைத் தேடி ஒருத்தரும் வந்ததில்ல,” என்றது இதயம்.

கருவி அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தது. “உன் முன்சுவர் சரியா அசையலையே, ஏன்?”

“பசி,” என்றது இதயம்.

அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரையில் அதன் படம் விழுந்தது. அசைய வேண்டிய இடம் சோர்ந்து கிடந்ததை டாக்டர் ரெஹானா குனிந்து பார்த்தார். இதயத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“ஐயா, ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கும்போல இருக்கு,” என்றார் டாக்டர். “இன்னைக்கே ஆஞ்சியோ பண்ணி எங்கன்னு பாத்து எடுத்துரணும். கூட யாரு வந்திருக்காங்க?”

நம் ஆஸ்பத்திரிகளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. சீட்டு கொடுக்கிற இடத்தில் கேட்டார்கள். எடை பார்த்த நர்ஸ் கேட்டார். இரண்டு பேருக்கும் சொன்ன பதிலையே தெய்வசிகாமணி இப்போதும் சொன்னார்.

“தம்பி பையன் வந்திருக்கானுங்க. கீழ வண்டி நிறுத்தீட்டு இருக்கான்.”

“மேல வரச் சொல்லுங்க. கூட ஒருத்தர் இருந்தாத்தான் உள்ள கூட்டிட்டுப் போக முடியும்.”

“அவனுக்கு என்னமோ அவசர வேலைங்களாமா. நாளைக்குக் கூட்டிட்டு வந்தர்றனுங்க.” அவர் எழுந்து உட்கார்ந்து சட்டையை எடுத்தார்.

“இவரு போகக்கூடாது,” என்று முன்பக்கக் குழாய் பதறியது. “என்னால நாளைக்கு வரைக்கும் தாக்குப் புடிக்க முடியாது. அந்தப் படியில ஏறவிடாதே.”

இதயம் கருவியிடம் கெஞ்சியது. “வண்டியும் இல்ல, பையனும் இல்ல. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, சொல்லேன்.”

“எனக்கு உன்னைத்தான் தெரியும்,” என்றது கருவி. “கூட ஆள் இருக்கா இல்லையான்னு என் படத்துல விழாது.”

கையை வலிக்கச் சொல்லலாமா என்று இதயம் யோசித்தது. சொன்னால் தைலம் தேய்ப்பார். வயிற்றைக் கேட்டால் வழியில் சோடா குடிப்பார். இதயம் யாரையும் கேட்கவில்லை. தெய்வசிகாமணி ஒரு கையைச் சட்டைக்குள் நுழைத்தார்.

“போறதுக்கு முன்னாடி ஆராய்ச்சிக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேங்கய்யா,” என்றார் டாக்டர் ரெஹானா. “எல்லாருகிட்டயும் கேக்கறதுதான். வலி வந்ததும் மொதல்ல யாருகிட்டச் சொன்னீங்க?”

தெய்வசிகாமணி பேக்கரியில் விசாரித்தவர், பல் டாக்டர், பொள்ளாச்சித் தம்பி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். கை, பல் என்று ஏதோ சொன்னதைத் தவிர, உள்ளதை ஒருவரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கேள்விக்குச் சொல்வதற்கு அவரிடம் பொய்கூட இல்லை.

டாக்டர் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

“யாருகிட்டயும் சொல்லலீங்க,” என்றார் தெய்வசிகாமணி. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “சொல்றதுக்கு யாரும் இல்லீங்கம்மணி. கீழயும் யாரும் இல்ல. நான் பஸ்ஸுலதான் வந்தேன்.”

நாக்கு களைத்துப் போய்க் கிடந்தது. இப்படி ஒன்றை அது தூக்கிப் பழகியதில்லை.

டாக்டர் ரெஹானா சட்டையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். “சரிங்கய்யா. கூட வந்தவங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. படுங்க. இப்பச் சொல்லுங்க, எங்க வலிக்குது?”

கை சும்மா இருந்தது. வயிறு சும்மா இருந்தது. தாடையும் சும்மா இருந்தது.

தெய்வசிகாமணி தன் நடுநெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இங்கதானுங்க,” என்றார்.