குட்டை மணி கயிறு மாறிய கதை

அந்தக் காலத்தில், கோழியும் மனுஷியும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளை வேண்டுமென்றால் மணி எடுக்க வேண்டும். பெண்ணின் கழுத்துச் சரட்டில் நீட்டு மணி பாதி, குட்டை மணி பாதி. ஆணின் அரைஞாணில் எல்லாமே நீட்டு மணி. ஆளுக்கொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு உருவ வேண்டும். இரண்டும் நீட்டு என்றால் பெண். ஒன்று குட்டை என்றால் ஆண். கண்ணை மூடி எடுப்பதில் யாருக்கு என்ன சாமர்த்தியம் இருக்க முடியும்? ஆனாலும் குட்டை மணி யார் கயிற்றில் இருக்கிறதோ, பழி அவள் தலையில்.

செம்பாயிக்கு மூன்று தடவையும் நீட்டு மணியே வந்தது.

"நாலாவதும் பொட்டையா இருந்துச்சோ, மூணையும் இழுத்துக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிரு," என்றாள் மாமியார் வீராயி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது, புலிக்காடு. புருஷன் நல்லான் பக்கத்தில்தான் இருந்தான். கூழ் குடிக்க மட்டும் வாயைத் திறந்தான்.

மணி எடுக்கும் நாள் விடிந்தது. செம்பாயி கொல்லையில் கோழியிடம் போய் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, உன் கயிறும் உன் கழுத்துலதானே கெடக்கு? சேவல் ஒண்ணும் கேக்காதா?"

"என்னத்தக் கேக்கும்? பொரிச்சதைப் பார்த்துக்கும். பக்கத்துல நின்னு ஊதி விட அதுக்கு ஆத்தாளா இருக்கா?" கோழி தலையைச் சாய்த்தது. "உனக்கு அவ்வளவு பயம்னா, குட்டை மணியெல்லாம் அவன் கயித்துல கோத்து விட்டுரு. அவன் கையை எவ பார்க்கப்போறா?"

"நீயும் மாத்திக்கிறியா?"

"எனக்கென்ன தலையெழுத்தா?"

குளிக்கப் போகும் ஆண் அரைஞாணைக் கழற்றி மாடத்தில் வைப்பது அன்றைய வழக்கம். செம்பாயி அதை எடுத்து முடிச்சை அவிழ்த்து, தன் சரட்டுக் குட்டை மணிகளை அதில் கோக்கத் தொடங்கினாள். விரல் வியர்த்து வழுக்கியது. ஒரு மணி உருண்டு அம்மிக்கு அடியில் போனது. வாசலில் செருமல் சத்தம். குப்புறப் படுத்துத் துழாவி, கோத்து, முடிந்து, மாடத்தில் வைத்து நிமிர்ந்தபோது நல்லான் ஈரத்தோடு நின்றான். கயிற்றைக் கட்டிக்கொண்டான். குனிந்து பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தான், இன்றைக்குப் பார்க்க?

வீராயி எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மூன்று பெண்களும் கதவோரம் ஒட்டி நின்றார்கள்.

செம்பாயி உருவினாள். நீட்டு.

"போச்சு!" வீராயி மார்பில் அடித்துக்கொண்டாள். "எந்திரிடி! மூட்டையைக் கட்டு!"

"இருங்க அத்தே. அவரு இன்னும் எடுக்கலியே."

"அவன் எடுத்து என்ன ஆகப்போவுது?"

நல்லான் கண்ணை மூடி இடுப்பைத் தடவினான். விரல் ஒரு குட்டை மணியில் நின்றது. அது என்னவோ கல்லென்று நினைத்தானோ, விரல் நகர்ந்தது. உருவினான். நீட்டு.

"அத்தே, என் சரட்டைப் பாருங்க. ஒரு குட்டை மணி கெடையாது. இனி எல்லாம் உங்க மகன் இடுப்புலதான்," என்றாள் செம்பாயி. "நாலாவதும் பொண்ணு. எடுத்தது அவரு கை. இப்ப யாரு ஆத்தைத் தாண்டணும்னு சொல்லுங்க."

நல்லான் கண்ணைத் திறந்து இடுப்பைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

வீராயி மகனைப் பார்த்தாள். காட்டைப் பார்த்தாள்.

"கூழு ஆறுது," என்றாள் கடைசியில். "எல்லாரும் வந்து உக்காருங்க."

மறுநாள் ஆற்றங்கரையில் செம்பாயி சொல்ல, ஊர்ப் பெண்கள் ஒருத்தி விடாமல் மணியை மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு மாமியார்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று முதல்தான், கோழிக்குலத்தில் தாயிடமே இருக்கிற அந்த ஆண்-பெண் தீர்ப்பு மனிதக்குலத்தில் தகப்பனிடம் இருக்கிறது; பெண் பிறந்தால் மட்டும், விஷயம் தெரிந்தவர்கள்கூட இன்னமும் மருமகள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.