டிசம்பருக்கு ஜடை டிசைன்

“எந்த டிசைன்ல பின்னினா என் பொண்ணு எடுத்துப் போட்டுக்குவா?”

கேட்டது எப்சிபா டீச்சர். கேட்டது கனகுகிட்ட.

குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழ எறங்கினா கனகோட உல்லன் நூல் கடை. அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். டீச்சருக்கு அறுபத்திரெண்டு. இந்தக் கனகுக்கு அஞ்சாங்கிளாஸ் எடுத்ததே டீச்சர்தான். வாயத் தொறந்து பதில் சொல்லலன்னு பெஞ்சு மேல ஏத்திகூட நிக்க வெச்சிருக்காங்க. ரிட்டயரானதும் அதே டீச்சர் ரெண்டு ஊசிய எடுத்துக்கிட்டு வந்து அவ முன்னாடி உக்காந்தாங்க. சாதாப் பின்னல் முன்னாடியே தெரியும், டிசைன் பூரா இவ சொல்லிக்குடுத்தது. டீச்சர் இவள “வாத்தியாரம்மா”ன்னுதான் கூப்பிடுவாங்க. பாதி கேலி, பாதி நெஜம்.

கனகு பதில் சொல்லல. பின்னிக்கிட்டே இருந்தா.

அவ எப்பவுமே அப்படித்தான். பொண்ணு பார்க்க வந்தப்ப ஒரு வார்த்தை பேசாம இருந்து, இவ ஊமையோன்னு மாப்பிள்ளை பயந்துபோயி, இவளோட அத்தை சமாதானம் பண்ண... அது பெரிய கதை, விடுங்க.

டீச்சரால சும்மா இருக்க முடியல.

“ஜூன் மழைக்கு நெருக்கப் பின்னல். பொசுபொசு நூலு ஆகவே ஆகாது, மூடுபனிய உறிஞ்சிக்கிட்டு நாள் பூரா ஈரமா கெடக்கும். செப்டம்பருக்கு ஓட்டை டிசைன் சால்வை. மார்ச்சுக்குக் கை இல்லாதது. டிசம்பர்னா ஜடை டிசைன்தான், கழுத்து தாடை வரைக்கும் ஏறணும். இதுல எதாச்சும் தப்பிருக்கா?”

“இல்ல டீச்சர்.”

“பின்ன ஏன் போட மாட்டேங்குறா?”

பொண்ணு பேரு சலோமி. ஆஸ்திரேலியாவுல பெர்த்துங்கற ஊர்ல இருக்கா, அஞ்சு வருஷமாச்சு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்வெட்டர் பார்சல்ல போகும். போன வருஷத்தது போய்ச் சேர்ந்ததும், “இனிமே அனுப்பாதீங்கம்மா”ன்னுட்டா. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒருக்கா வந்த போன் மாசத்துக்கு ஒருக்கா ஆச்சு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெச்சிடவா. அவ்வளவுதான் பேச்சு.

டீச்சர் பையிலருந்து இந்த வருஷத்தத எடுத்து விரிச்சாங்க. மெரூன் கலரு. கழுத்து மட்டும் பாக்கி.

“டிசம்பர் பொறந்தாச்சு, திங்கக்கெழமை பார்சல் போட்டாகணும். கழுத்த மாத்திப் பார்ப்பமா? இதையும் வேண்டாம்னுட்டா, அப்புறம் எனக்கும் அவளுக்கும் நடுவுல என்ன இருக்கு சொல்லு.”

“ஏன் வேண்டாங்குது?”

“அங்க டிசம்பர்ல வெயிலாம். வேர்க்குதாம்.”

“நெஜமாவா டீச்சர்?”

“பூமி சாஞ்சு சுத்துறத எலுமிச்சம்பழத்த வெச்சு உனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? எனக்குத் தெரியாதா? அதுக்காக டிசம்பர் டிசம்பர் இல்லாமப் போயிடுமா?”

கனகு நூல இழுத்துவிட்டுக்கிட்டா.

டீச்சர் மெரூன் ஸ்வெட்டரத் தடவிக்கிட்டே இருந்தாங்க. கொரல் எறங்கிப்போச்சு.

“சலோமிக்கு மூணு வயசுல மஞ்சள்ல ஒண்ணு பின்னினேன். வாத்து பட்டன் வெச்சது. காலையில பனி கொட்டும், மூக்கு செவந்து நிக்கும், வேர்க்குதும்மான்னு சொல்லும். சும்மா இருடின்னு தலை வழியா மாட்டிவிடுவேன். கை வெளிய வர்ற வரைக்கும் உள்ளயே கெடந்து கத்தும். பள்ளிக்கூட வாசல்ல போய்ப் பார்த்தா கழட்டி இடுப்புல கட்டியிருக்கும். இன்னும் பீரோவுல வெச்சிருக்கேன். எடுத்து மோந்து பார்த்தா... என்னமோ போ.”

கனகு ஊசியக் கீழ வெச்சா. எந்திரிச்சுப் போயி கடைக் கதவச் சாத்தினா. மூலையில கெடந்த கரியடுப்ப இழுத்து டீச்சர் காலடியில வெச்சு ஊதிவிட்டா. பொகை போக ஜன்னல மட்டும் தொறந்து வெச்சா.

“கையத் தூக்குங்க டீச்சர்.”

டீச்சர் தூக்கினாங்க. அலமாரியிலருந்து ஒரு ஸ்வெட்டர எடுத்து மாட்டிவிட்டா. அது மேல கழுத்து ஏறினது ஒண்ணு. அது மேல சால்வை. கடைசியா ஒரு குல்லா, காது மூடறது.

“என்னடி, எனக்குக் கரடி வேஷமா போட்டுவிடுற?”

கனகு சிரிக்கல. போயி உக்காந்து மறுபடியும் பின்ன ஆரம்பிச்சா.

கொஞ்ச நேரம் போச்சு. டீச்சருக்குக் கழுத்துல அரிச்சது. முதுகு நனைஞ்சது. குல்லாவுக்குள்ள இருந்து ஒரு சொட்டு எறங்கி மூக்கு நுனியில நின்னுச்சு.

“கனகு, வேர்க்குது.”

கனகு நிமிரல. “டிசம்பர்தானே டீச்சர்.”

“கால்கிட்ட அடுப்ப வெச்சிட்டுப் பேசறா பாரு.”

“அடுப்பப் பார்க்காதீங்க. காலண்டரப் பாருங்க.”

டீச்சர் நிமிர்ந்தாங்க.

காலண்டரப் பார்த்தாங்க. மெரூன் ஸ்வெட்டரப் பார்த்தாங்க. ஒண்ணையும் கழட்டல. வேர்த்து ஊத்த ஊத்த அப்படியே உக்காந்திருந்தாங்க, யாரோ கட்டிப்போட்ட மாதிரி.

அப்புறம் பையத் தொழாவி போன எடுத்தாங்க. குல்லாவ ஒரு காதுலருந்து தூக்கிவிட்டுக்கிட்டாங்க.

“சலோமி.”

“சொல்லுங்கம்மா. சாப்பிட்டேன்.”

“அது கேக்கல. அங்க வெயில் எப்படிடி இருக்கு?”

கனகோட ஊசி நின்னுபோச்சு.

“அம்மா, வேலையா இருக்கீங்களா?”

“இல்ல.”

போன்ல அவ நாற்காலிய இழுக்கற சத்தம் கேட்டுச்சு.

“அப்ப உக்காருங்க. சொல்றேன்.”