ஓடு கடையில் வாங்கியது

உடம்பைக் கடையில் வாங்குவார்கள். உயிரை வீட்டில் கிண்டுவார்கள். அடுப்புக்குள் போய் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

ஆப்பிள் பை. மாவு ஓட்டுக்குள் ஆப்பிளை நிரப்பிச் சுடும் மேல்நாட்டுப் பண்டம். தெரியாவிட்டால் பரவாயில்லை. அறுபத்திரண்டு வயதுவரை சங்கிலிமுத்துவுக்கும் தெரியாது. நாற்பது வருடம் அல்வா கிண்டியவர் அவர். குன்னூருக்கு மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், பேத்தி யாழ்மொழி தன் ஆறாவது பிறந்தநாளுக்கு அதைக் கேட்டுவிட்டாள்.

"கடையில வாங்கினது வேண்டாம் தாத்தா. நீங்க செஞ்சதுதான் வேணும்."

அதனால்தான் அன்று காலை அவர் ரெபேக்காவின் சமையலறையில் நின்றார். கேக், ரொட்டி சுடச் சொல்லிக்கொடுக்கும் ரெபேக்காவுக்கு அவர் மகளைவிட வயது குறைவு.

அவள் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பிரித்தாள். உள்ளே தட்டுபோல் அழுத்தி உறைய வைத்த இரண்டு மாவு ஓடுகள்.

"இது கடையில வாங்கினதா டீச்சர்?"

"ஆமாங்கய்யா. நல்லா இருக்கும்."

சங்கிலிமுத்துவின் முகம் சுருங்கியது. "என் கடையில ஏலக்காய்கூட நானே இடிச்சதுதான். இதுல செஞ்சிட்டு, நான் செஞ்சேன்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

"முதல்ல ஆப்பிளைச் சீவுங்க."

சீவினார். எல்லாத் துண்டும் ஒரே கனம். வெண்ணெய், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பட்டைப் பொடி என்று அவள் சொல்லச் சொல்லப் போட்டுக் கிண்டினார். ஆப்பிள் பளபளத்தது. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். யாரையும் கேட்காமல் ஒரு சிட்டிகை சுக்குப் பொடி தூவினார். ரெபேக்கா அதைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், கொதிக்கக் கொதிக்க ஆப்பிளை ஓட்டில் கொட்டிவிட்டார். அல்வாவைச் சூடு இறங்குமுன் தட்டில் கொட்டியாக வேண்டும். அவர் கைக்குத் தெரிந்த சட்டம் அது.

ஓட்டின் வெண்ணெய் இளகியது. ஓரம் சரிந்தது.

"ஐயோ, போச்சே!"

"அல்வாக் கை! கொஞ்சங்கூடப் பொறுக்காது," என்று ரெபேக்கா சிரித்தாள். கரண்டியை எடுத்து ஆப்பிளைத் துண்டு துண்டாக, ஒன்றுகூட விடாமல், வாணலிக்கே திருப்பினாள். ஓட்டைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"ஓட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களே டீச்சர்!"

"அது நாளைக்கும் கிடைக்கும்."

ஆப்பிள் ஆறும்வரை இருவரும் காபி குடித்தார்கள். பிறகு இரண்டாவது ஓட்டில் நிரப்பி அடுப்புக்குள் வைத்தார்கள்.

"பிள்ளை கேட்டா என்ன சொல்றது?" என்றார் மறுபடியும்.

"கேட்டா, உள்ளதைச் சொல்லுங்க."

சாயங்காலம் ஆப்பிள் பை மேசைக்கு வந்தது. ரெபேக்காவும் வந்திருந்தாள். யாழ்மொழி தன் தட்டிலிருந்த துண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"முழுசும் நீங்க செஞ்சதா தாத்தா?"

சங்கிலிமுத்து ரெபேக்காவைப் பார்த்தார். 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை சந்தோஷப்படும்.

"ஆப்பிள் நான் கிண்டினது கண்ணு. ஓடு கடையில வாங்கினது."

"யாரு வாங்கினா?"

"டீச்சர்."

யாழ்மொழி கரண்டியால் ஆப்பிளை மட்டும் வழித்துத் தின்றாள். வெறும் ஓட்டை ரெபேக்காவின் தட்டில் வைத்துவிட்டு, இன்னொரு துண்டு கேட்டாள்.