மண்புழுக்களுக்கு எலும்பு வளர்த்த கொக்கு

கோரைக்குட்டையின் கரையில் நெடுங்காலி என்றொரு கொக்கு இருந்தது. ஒரு நாள் அது கெண்டை மீன் ஒன்றை அவசர அவசரமாக விழுங்கியது. முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மூன்று நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. பிறகு முள் எப்படியோ போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை. மீனைப் பார்த்தாலே தொண்டை அடைத்தது.

"இனிமே எலும்பு, முள் எதுவும் இல்லாததைத்தான் தின்பேன்!" என்று நெடுங்காலி சபதம் செய்தது.

அப்படிப்பட்டவை கரையில் ஏராளமாக இருந்தன. மண்புழுக்கள்! ஆனால் அவை லேசில் அகப்படுமா? அலகு பட்டதும் நெளிந்து, வழுக்கி, மண்ணுக்குள் மறைந்துவிடும். கொக்குக்குக் கிடைத்ததெல்லாம் வாய் நிறையச் சேறுதான். நாலு கொசுவையும் ஒரு தட்டானையும் தின்று எத்தனை நாள் ஓட்டுவது? அதன் கால்கள் நடுங்கத் தொடங்கின. இப்படியே போனால் குட்டைக்குள் விழுந்து சாக வேண்டியதுதான்.

குட்டையை ஒட்டி ஓர் எள்ளு வயல் இருந்தது. அறுவடைக்கு வந்தவர்கள் எள்ளின் பெருமையைப் பேசிக்கொண்டது நெடுங்காலியின் காதில் விழுந்தது. பட்டினி கிடந்த மூளை பரபரவென்று வேலை செய்தது.

மறுநாள் காலை, காய்ந்த எள்ளுச்செடி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து கரையில் தலைகீழாக உதறியது. வெடித்த காய்களிலிருந்து எள் பொலபொலவென்று கொட்டியது.

"மண்புழு மக்களே! வைத்தியம் வந்திருக்கு! இலவச வைத்தியம்!"

இலவசம் என்றதும் மண் அசைந்தது. சுருளன் என்ற மண்புழு முதலில் தலையை நீட்டியது.

"எந்த நோய்க்கு வைத்தியம்?"

"தம்பி, உன் உடம்புல எலும்பு இருக்கா?"

சுருளன் தன்னைத்தானே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தது. "இருக்கிற மாதிரி தெரியலையே!"

"அதான் நோய்!"

"ஐயையோ!" என்றது சுருளன். அதுவரை நன்றாக இருந்த புழுக்களுக்கெல்லாம் அந்த நிமிடமே உடம்பு சரியில்லாமல் போனது. ஒன்று, தனக்கு ரொம்ப நாளாகவே ஒரு மாதிரி இருப்பதாகச் சொல்லி அழுதது.

"அழாதீங்க! எள்ளுல சுண்ணாம்புச் சத்து இருக்கு, எலும்புக்கு நல்லது! இரும்புச் சத்து இருக்கு, ரத்தத்துக்கு நல்லது! புரதம் இருக்கு, எண்ணெய் இருக்கு! நல்லா மென்னு தின்னணும், அவ்வளவுதான்!"

"எங்களுக்குப் பல்லே இல்லையே!"

"நான் அலகால இடிச்சுத் தர்றேன்!"

எள்ளைப் பற்றி நெடுங்காலி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யாரிடம் சொன்னது என்பதில்தான் கோளாறு. அதற்கு மேல் சொன்னது முழுக்க அதன் சொந்தச் சரக்கு.

"ஒரு மண்டலம் சாப்பிடணும். நாற்பத்தெட்டு நாள். பத்தியம் உண்டு! நெளியக் கூடாது. மண்ணுக்குள்ள போகக் கூடாது. வைத்தியர் அலகால தொட்டா சிலிர்க்கக் கூடாது. மீறினா எலும்பு கோணலா வளரும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க!"

கரையில் உட்கார்ந்திருந்த குண்டுத் தவளை வாய்விட்டுச் சிரித்தது. "மண்புழுவுக்கு எதுக்குடா எலும்பு?"

"உனக்கு இருக்குங்கிற திமிர்ல பேசாதே!" என்றது சுருளன். தவளை தன் முழங்காலை ஒரு முறை பார்த்துக்கொண்டது.

அன்றே பத்தியம் தொடங்கியது. சேம்பு இலைகளின் நிழலில், ஈரச் சேற்றின் மேல், புழுக்கள் குச்சி அடுக்கியது போல வரிசையாக நேராகப் படுத்துக்கொண்டன. நெடுங்காலிக்கு நாக்கு ஊறியது. ஆனால் அது அவசரப்படவில்லை. ஒன்றைத் தின்றால் மற்றவை ஓடிவிடும். எள் தின்று கொழுக்கட்டும், அலகுக்குப் பழகட்டும், கடைசி நாளில் மொத்தமாக வழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது.

பத்து நாள் ஆனது.

"வைத்தியரம்மா, முதுகெலும்பு எந்தப் பக்கம் வரும்?" என்று ஒரு புழு கேட்டது.

"முதுகு இருக்கிற பக்கம்!"

புழுக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதுகு எந்தப் பக்கம் என்பதில் பெரிய சண்டை வந்தது. பத்தியம் கெட்டுவிடும் என்பதால் எல்லாம் அசையாமல் படுத்தபடியே சண்டை போட்டன.

இருபதாம் நாள் ஒரு புழு முனகியது. "மூட்டெல்லாம் வலிக்குது!"

"கொடுத்து வைச்சவன்! மூட்டு வந்துடுச்சு!" என்று மற்றவை பொறாமையில் வெந்தன.

நெடுங்காலி தினமும் காலையில் வயலில் சிந்திய எள்ளைக் கொண்டுவந்து இடித்துக் கொடுத்துவிட்டு வரிசையைச் சுற்றி வரும். ஒவ்வொரு புழுவையும் அலகால் தட்டும். தட்டும்போது தன் தொண்டைக்குள்ளேயே "டொக்!" என்று சத்தம் எழுப்பும். "கேட்டியா? எலும்பு!" என்று சொல்லும். புழுக்கள் பூரித்துப் போகும். முன்னைப் போல ஒன்றும் சிலிர்ப்பதில்லை.

முப்பதாம் நாள் சுருளனைத் தட்டியபோது "டொக்" என்றது. அடுத்த புழுவிடம் போன பிறகுதான் நெடுங்காலிக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'இப்ப நான் சத்தம் போட்டேனா, இல்லையா?' திரும்பி வந்து மறுபடி தட்டிப் பார்த்தது. சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்று பகல் முழுவதும் அதற்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

நாற்பத்தேழாம் நாள், புழுக்கள் கேட்டுக்கொண்டதால் நெடுங்காலி சுருளனின் எலும்புகளை எல்லோர் முன்னாலும் எண்ணிக் காட்டியது. பதினேழு!

நாற்பத்தெட்டாம் நாள் விடிந்தது. நெடுங்காலிக்கு நிற்கவே தெம்பில்லை. ஊருக்கெல்லாம் எள் இடித்துக் கொடுத்ததே தவிர, தன் வாயில் ஒரு மணி போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு நாளும் அகப்பட்ட கொசுவைத் தின்றுகொண்டு, விருந்து, விருந்து என்று அந்த நினைப்பிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. தள்ளாடிப் போய்ச் சுருளனின் மேல் அலகைத் திறந்தது.

"என்ன வைத்தியரம்மா, கொட்டாவியா?"

"உன்னை விழுங்கப் போறேன்டா, முட்டாளே!"

சுருளன் பதறியது. தன் உயிருக்காக அல்ல. "வேண்டாம்மா! நீங்க எங்களுக்குச் செஞ்ச நல்லதுக்கு உங்களுக்கு ஒண்ணு ஆகக் கூடாது! எலும்பு தொண்டையில சிக்கிக்கும்!"

"உனக்கு எலும்பே கிடையாது!"

"நேத்து நீங்கதானே எண்ணினீங்க! பதினேழு!"

"அது பொய்!"

"தன்னடக்கத்தைப் பாருங்க!" என்று வரிசை முழுவதும் உருகியது.

நெடுங்காலி கோபத்தில் சுருளனைக் கொத்தி வாய்க்குள் போட்டது. பத்தியம் காத்த சுருளன் இம்மியும் நெளியவில்லை. நாக்கின் மேல் நேராக, விறைப்பாகக் கிடந்தது. அந்த விறைப்பு தொட்டதும் நெடுங்காலிக்குக் கெண்டை மீனின் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சின்ன முள்ளுக்கே மூன்று நாள். பதினேழு எலும்புக்கு?

தொண்டை இறுகியது. கண்ணில் நீர் முட்டியது.

"எலும்பு! எலும்பு!" என்று அலறி, சுருளனைத் தூ என்று துப்பியது.

"நான் சொன்னேன்ல!" என்றது சேற்றில் விழுந்த சுருளன், வருத்தத்தோடு.

"விழுங்கும்மா! அவனுக்கு எலும்பு இல்லைன்னு உனக்குத் தெரியும்ல!" என்று தவளை கத்தியது.

"தெரியும்!" என்று நடுங்கியது நெடுங்காலி. "ஆனா இருந்துட்டா?"

இன்னொரு புழுவின் அருகே அலகைக் கொண்டுபோனது. முடியவில்லை. அடுத்ததையும் தொட முடியவில்லை. நாற்பத்தெட்டு நாளும் தான் தட்டிய "டொக்! டொக்!" எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் கேட்டன.

"மண்டலம் முடிஞ்சுது! போங்க! எல்லாரும் போய்த் தொலைங்க!"

புழுக்கள் நன்றி சொல்லிவிட்டு நெளியத் தொடங்கின. நெளிந்ததும் அவற்றின் வியப்புக்கு அளவே இல்லை.

"எலும்பு இருந்தும் எப்படி வளையுது பாரு!"

"எள்ளுல எண்ணெய் இருக்குல்ல? எலும்புக்கு எண்ணெய் போட்டிருக்கு!"

இப்படிப் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தன. கரை காலியானது. அங்கே மிச்சம் இருந்தது சிந்திக் கிடந்த எள் மட்டும்தான். பசி பொறுக்க முடியாமல் நெடுங்காலி அதைக் கொத்தித் தின்றது. வேறு வழியில்லாமல் மறுநாளும் தின்றது. நாலு நாளில் காலில் நடுக்கம் குறைந்தது.

"எப்படி இருக்கு?" என்று தவளை கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்று அழாத குறையாகச் சொன்னது நெடுங்காலி. "முதல் நாளே நானே தின்னிருக்கலாம்!"

அடுத்தவரை ஏமாற்ற ஒரே பொய்யை நாள் தவறாமல் சொல்லி வந்தால், கடைசியில் அதை நம்பிப் பட்டினி கிடக்கப்போவது சொன்னவர்தான்.